கரையை விட்டுப்போன ஏரி

வற்றும் நீர்நிலைகள் – தொடர் 7

சென்ற வாரம் ஆரல் கடலின் மணலில் துருப்பிடித்து நிற்கும் மீன்பிடிக் கப்பல்களைப் பார்த்தோம். இந்த வாரம் அங்கிருந்து தென்மேற்கே, ஈரானின் வடமேற்கு மூலைக்குப் போவோம். அங்கே இருக்கிறது உர்மியா ஏரி. மத்திய கிழக்கின் மிகப் பெரிய ஏரியாக இருந்தது. கோடை வந்தால் குடும்பம் குடும்பமாக மக்கள் குளிக்கப் போன இடம். இன்று அதன் கரையோர விடுதிகளில் ஆள் இல்லை. ஏன் என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீட்டர் உயரத்தில் இருக்கும் உப்பு ஏரி இது. கிழக்கே தப்ரீஸ், மேற்கே உர்மியா என இரண்டு பெரிய நகரங்கள். 1990-களின் நடுவில் நீர் நிறைந்திருந்தபோது 5,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகள். நாரைகளும் கூழைக்கடாக்களும் வந்து தங்கின. 1976-ல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

ஏரியின் வடகிழக்குக் கரையில் ஷரஃப்கானே என்ற சிறு துறைமுக ஊர் இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் ரஷ்யர்கள் தங்கள் சரக்கை ஏரி வழியே கொண்டுபோக 1916-ல் இந்த ஊர் வரை ரயில் பாதை போட்டார்கள். போர் முடிந்தது, பாதை இருந்தது. பிற்காலத்தில் தப்ரீஸ் மக்களுக்கு ஷரஃப்கானேதான் கடற்கரை. ஈரானில் பள்ளிக் கோடை விடுமுறை ஜூன் முதல் செப்டம்பர் வரை நீளும். வார விடுமுறை வெள்ளிக்கிழமை. அந்த நாட்களில் பாய், சமோவார், தர்ப்பூசணி சகிதம் வந்து இறங்கினார்கள்.

அவர்களை இழுத்தவை இரண்டு. ஒன்று, நீர். சாக்கடலைப் போல உப்பு அடர்ந்திருந்ததால் நீந்தத் தெரியாதவரையும் மிதக்க வைத்தது. இன்னொன்று, ‘லஜன்’ என்று அவர்கள் சொல்லும் கருஞ்சேறு. மூட்டுவலிக்கும் தோல் நோய்க்கும் அது மருந்து என்ற நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக இருந்தது. வயதானவர்கள் உடம்பெல்லாம் சேறு பூசி, வெயிலில் காயவிட்டு, ஏரியில் இறங்கிக் கழுவினார்கள். இதை நம்பித்தான் விடுதிகள், உணவகங்கள், படகுத்துறை, உப்பைக் கழுவ நல்ல தண்ணீர்க் குளியலறைகள் எல்லாம் எழுந்தன.

1995-க்குப் பிறகு நீர்மட்டம் இறங்கத் தொடங்கியது. இந்த ஏரியின் சராசரி ஆழம் 5 மீட்டர் அளவுதான். தாம்பாளத்தில் ஊற்றிய நீர் போல. மட்டம் சிறிது இறங்கினாலும் ஓரம் வெகுதூரம் உள்ளே போய்விடும். முதலில் குளிப்பவர்கள் சில நூறு மீட்டர் நடந்தார்கள். பிறகு கிலோமீட்டர் கணக்கில் நடக்க வேண்டியிருந்தது. நடுவில் காலைக் கிழிக்கும் உப்புப் பாளம். அது உடைந்தால் கீழே கணுக்கால் புதையும் சேறு. மருந்துச் சேற்றை நம்பி வந்த முதியவர்கள் இதை எப்படிக் கடப்பார்கள்? எஞ்சிய நீரில் உப்பின் அடர்த்தி கூடக் கூட, உப்பை விரும்பும் பாசியும் நுண்ணுயிர்களும் பெருகின. கோடையில் ஏரி ரத்தச் சிவப்பானது. படகுகள் துறையிலேயே தரைதட்டி நின்றன. 2015 வாக்கில் ஏரியின் பரப்பு பழைய அளவில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

வெயில் கூடியதால் கூட்டம் குறைந்தது, மழை பொய்த்ததால் ஏரி வற்றியது என்று சொல்லிவிட்டால் யார்மீதும் பழி இல்லை. ஆனால் கணக்கு வேறு கதை சொல்கிறது. அமீர் அகாகூச்சக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களையும் மழைப் பதிவுகளையும் வைத்து 2015-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இதற்கு முன்பும் அந்த வட்டாரம் கடும் வறட்சிகளைக் கண்டிருக்கிறது, அப்போதெல்லாம் ஏரி இப்படிச் சாகவில்லை என்று அது காட்டியது. உர்மியாவுக்கு வந்திருப்பது ஆரல் கடலுக்கு வந்த அதே நோய் என்பதைத் தலைப்பிலேயே சொன்னார்கள்.

நோயின் வேர் ஆறுகளில் இருக்கிறது. ஏரிக்கு அதிக நீர் கொண்டுவரும் சரீனே ஆறு உட்பட, வந்து சேரும் ஆறுகள் பலவற்றில் அணைகள் எழுந்தன. 1979 புரட்சிக்குப் பிறகு உணவில் தன்னிறைவு என்பது நாட்டின் கொள்கையானது. பாசன நிலம் பெருகியது. குறைந்த நீரில் விளைந்த திராட்சைக் கொடிகள் இருந்த இடங்களில் ஆப்பிள் தோட்டங்களும் சர்க்கரைக் கிழங்கு வயல்களும் வந்தன. இன்று ஈரானில் ஆப்பிள் அதிகம் விளையும் மாகாணம் ஏரியின் மேற்குக் கரையில்தான் இருக்கிறது. ஆற்று நீர் போதாதபோது கிணறு வெட்டினார்கள். உரிமம் இல்லாத கிணறுகள் மட்டும் ஆயிரக்கணக்கில். 2008-ல் ஏரியின் குறுக்கே சாலையும் திறக்கப்பட்டது. சுமார் 15 கிலோமீட்டர் மண்மேட்டில் நீர் போய்வர விட்ட வழி, ஒன்றேகால் கிலோமீட்டர் பாலம் மட்டுமே.

விவசாயியைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அணை கட்டிக் கொடுத்து, பயிரிடு என்று சொன்னது அரசு. ஆற்று நீரில் அணைக்கு ஒரு பங்கு, நகரத்துக்கு ஒரு பங்கு, தோட்டத்துக்கு ஒரு பங்கு என்று எழுதினார்கள். ஏரிக்கென்று யாரும் பங்கு எழுதவில்லை. மிச்சம் இருந்தால் அதற்கு, இல்லையென்றால் இல்லை. 2011-ல் தப்ரீஸிலும் உர்மியாவிலும் ஏரியைக் காப்பாற்றச் சொல்லித் தெருவில் இறங்கிய மக்கள் கைது செய்யப்பட்டார்கள்.

2013-ல் ஹசன் ரூஹானி அரசு மீட்புத் திட்டத்தைக் கையில் எடுத்தது. அதன் பொறுப்புக்கு வந்த ஈசா கலாந்தரி, தொண்ணூறுகளில் வேளாண் அமைச்சராக இருந்தவர். ஏரியின் உயிர்ச்சூழல் பிழைக்க நீர்மட்டம் 1,274.1 மீட்டரைத் தொட வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். விவசாய நீரில் 40 சதவீதம் குறைப்பது என்றும் தீர்மானித்தார்கள். சரியான தீர்மானம். ஆனால் சொட்டுநீர்ப் பாசனத்தில் மிச்சம் பிடித்த நீர் ஏரிக்குப் போகிறதா, பக்கத்து நிலத்துக்குப் போகிறதா என்று பார்த்துத் தடுக்கும் உறுதி இல்லை. 2023-ல் வேறு ஆற்றுப் படுகையிலிருந்து நீர் கொண்டுவர 36 கிலோமீட்டர் சுரங்கம் திறந்தார்கள். உள்ளூர் ஆறுகளை விடுவிக்காமல் இன்னொரு ஆற்றை எடுத்து வந்தது எனக்கு ஏற்புடையதாகத் தெரியவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் செயற்கைக்கோள் படத்தில் ஏரி பெரும்பாலும் வெறும் உப்புத் தரை.

இடையில் ஒரு நம்பிக்கைக் கீற்று வந்தது. 2019-ல் நல்ல மழை பெய்தது. ஏரியின் பரப்பு சுமார் 3,000 சதுர கிலோமீட்டருக்குத் திரும்பியது. உடனே மக்களும் திரும்பினார்கள்; சிவந்த நீரில் குழந்தைகள் மிதந்தார்கள், பெரியவர்கள் சேறு பூசிக்கொண்டார்கள். அழைப்பிதழ், விளம்பரம், கோடை விழா எதுவும் தேவைப்படவில்லை. தண்ணீர் வந்தது, ஜனம் வந்தது.

பயணிகள் குறைந்த கரையோர ஊர்களில் வழக்கமாக நடப்பது இதற்கு நேர்மாறு. விடுதிக்குப் புது வண்ணம் அடிக்கிறார்கள், பூங்கா போடுகிறார்கள், பாட்டுக் கச்சேரி வைக்கிறார்கள். நோய் விடுதியில் இல்லை. ஐம்பது, நூறு கிலோமீட்டர் மேலே, அணையின் மதகில் இருக்கிறது. உர்மியா விடுதிக்காரர்கள் இழந்தது வாடிக்கையாளர்களை மட்டும் அன்று. ஏரிப் படுகையில் வாழும் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இப்போது உப்புப் புழுதிக் காற்றை எதிர்கொள்கிறார்கள். அந்தப் புழுதி, ஏரியின் நீரைக் குடித்து வளர்ந்த அதே ஆப்பிள் தோட்டங்கள் மேலும்தான் படிகிறது. ஏரிக்குப் பங்கு தராதவன் தன் பங்கையும் இழக்கிறான்.

ஏரியும் ஆற்று நீரில் சட்டப்படி பங்குள்ள ஒரு வாரிசு என்று எழுதி, வறட்சி ஆண்டிலும் அந்தப் பங்கைத் தொடாமல் விட்டால் மட்டுமே ஷரஃப்கானே மறுபடி ஏரிக்கரை ஊராகும். மழையை நம்பி இருப்பது திட்டமாகாது. உங்கள் ஊர் ஏரிக்கரையில் கூட்டம் குறைந்தால், கரையைப் பார்க்காதீர்கள். ஏரிக்கு நீர் வரும் வழியைப் போய்ப் பாருங்கள்.

(தொடரும்)