காயம் ஆறும்: பாதிக்கப்பட்ட வளரிளம் பிள்ளைகளுக்கான சிகிச்சை

பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளையின் படிப்பை நிறுத்துவது, வேற்றூர் உறவினர் வீட்டுக்கு அனுப்புவது, அவசரமாக நிக்காஹ் பேசுவது என்று நம் குடும்பங்கள் சில விஷயத்தை மூடிவிடுகின்றன. தண்டனை தனக்குத்தான் என்று பிள்ளை எண்ணிக்கொள்கிறது. ஆண் பிள்ளைகளும் பாதிக்கப்படுகிறார்கள். அவர்கள் இன்னும் அதிகமாக மௌனம் காக்கிறார்கள்.

தூக்கமின்மை, திடுக்கிட்டு எழுதல், காரணமற்ற கோபம், படிப்பில் வெறுப்பு, தன்னையே காயப்படுத்துதல் ஆகியவை மனக்காயத்தின் அடையாளங்கள். துஆ ஆறுதல் தரும். அத்துடன் நிறுத்தாமல் சிகிச்சையும் அளிக்க வேண்டும்.

முதலில் உடல் பரிசோதனை. சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் சென்றால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து பலன் தரும். முதலுதவியும் சிகிச்சையும் அரசு, தனியார் மருத்துவமனை எதுவாயினும் இலவசம். வழக்குப் பதிவு செய்த பிறகே வர வேண்டும் என்று திருப்பி அனுப்பக் கூடாது.

மனநலச் சிகிச்சையில் முதன்மையானது, அதிர்ச்சியை மையமாகக் கொண்ட பேச்சுச் சிகிச்சை. பெரும்பாலும் வாரம் ஒருமுறை, 12 முதல் 16 அமர்வுகள் வரை நடக்கும். பதற்றத்தைத் தணிக்கப் பழக்கி, பிறகு நடந்ததைச் சிறிது சிறிதாகச் சொல்ல வைத்து, ‘என் தப்புதான்’ என்ற எண்ணத்தை மாற்றுவார்கள். பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. கண் அசைவுகளோடு நினைவின் வலியைக் குறைக்கும் இ.எம்.டி.ஆர். முறையும் உண்டு. இவ்விரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது. கடும் மனச்சோர்வு இருந்தால் மனநல மருத்துவர் மாத்திரையும் தருவார்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 14416 என்ற எண்ணில் தமிழிலேயே இலவச மனநல ஆலோசனை கிடைக்கும். குழந்தைகள் உதவி எண் 1098.

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்; மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் இது பொருந்தும். ஜமாஅத்தில் சமரசம் பேசி முடிக்கும் விஷயமல்ல இது. பிள்ளையின் பெயரையும் அடையாளத்தையும் ஊடகங்கள் வெளியிடுவது குற்றம். காவலர் சீருடையின்றி, பிள்ளை விரும்பும் இடத்துக்கே வந்து வாக்குமூலம் பெற வேண்டும். வழக்கு முடியும்வரை துணைநிற்க ஓர் ஆதரவு நபரைக் குழந்தைகள் நலக் குழு அமர்த்தித் தரும்.

பெற்றோரே, பிள்ளை சொல்லும்போது குறுக்குக் கேள்வி வேண்டாம். ‘உன்னை நம்புறோம், உன் மேல தப்பில்லை’ என்று சொல்லுங்கள். சிகிச்சை அங்கிருந்தே தொடங்குகிறது.