செஞ்சியில் பிள்ளை பெற்ற மகாராணி

செஞ்சி என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறது? தேசிங்கு ராஜன்தான். அவனுடைய குதிரையும், உயிர்த் தோழன் மகபத்கானும், 1714-ல் அவன் போரில் விழுந்ததும் உடன்கட்டை ஏறிய இளம் மனைவி ராணிபாயும் வரிசையாக மனத்திரையில் வந்து நிற்பார்கள். அந்தப் பெண்ணின் நினைவாக ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் பாலாற்றங்கரையில் ஓர் ஊரையே உண்டாக்கினார். அதுதான் ராணிப்பேட்டை.

ஆனால் தேசிங்கு செஞ்சிக்கு ஆள வருவதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்வரை அதே கோட்டையில் வேறொரு ராணி வாழ்ந்திருக்கிறாள். அவளைப் பற்றி நம் பக்கத்தில் பாட்டும் இல்லை, கூத்தும் இல்லை. வெளியே மொகலாயர் முற்றுகை. உள்ளே இவளுக்குப் பிரசவம்! அங்கே பிறந்த பிள்ளையைச் சிம்மாசனத்தில் ஏற்றி, ஔரங்கஜேப் சக்கரவர்த்தியையே ஏழு வருஷம் எதிர்த்து நின்றாள். அவள் பெயர் தாராபாய்.

தாராபாயை எதிரியின் பீரங்கி அசைத்ததில்லை. அவளை ஆட்டி வைத்தவர்கள் எல்லாரும் உறவுக்காரர்கள். அவளும் அவர்களைச் சும்மா விட்டுவிடவில்லை.

மாமன் மகள்

உறவுமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்மவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

சத்ரபதி சிவாஜிக்குப் பல மனைவிகள். அவர்களில் ஒருத்தி சோயராபாய். அவள் பெற்ற பிள்ளை ராஜாராம். சோயராபாயின் உடன்பிறந்தவர் ஹம்பீர்ராவ் மோஹித்தே. மராத்தியப் படைக்கே சேனாதிபதி. அந்த ஹம்பீர்ராவின் மகள்தான் 1675-ல் பிறந்த தாராபாய். ஆக, ராஜாராமுக்கு அவள் சொந்த மாமன் மகள். நம் ஊர் வழக்கப்படி முறைப்பெண்.

கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மாமன் என்ன செய்தார் தெரியுமா? 1680-ல் சிவாஜி கண்ணை மூடியதும், மூத்த தாரத்தின் மகன் ஸாம்பாஜியை ஒதுக்கிவிட்டு, பத்து வயதுப் பாலகனான ராஜாராமுக்குப் பட்டம் கட்டச் சோயராபாய் முயன்றாள். அண்ணன் தம்பி என்று உறவு இருக்கிறதே, சேனாதிபதி நம் பக்கம்தான் நிற்பார் என்று அவள் நம்பியிருக்கலாம். ஹம்பீர்ராவோ ஸாம்பாஜியின் பக்கம் போய் நின்றார்! சொந்த சகோதரியின் ஆசையில் மண். அடுத்த ஆண்டு சோயராபாயின் கதையும் முடிந்தது. ராஜாராம் கிட்டத்தட்டக் காவலில் இருப்பவனைப் போல ராய்கட் கோட்டையில் வளர்ந்தான். அவனுக்குத்தான், அந்த மாமனின் மகள், அறியாத வயதிலேயே வாழ்க்கைப்பட்டாள். ஏற்கெனவே அவனுக்கு ஜானகிபாய் என்ற மனைவி இருந்தாள். தாராபாய்க்குப் பிறகு காகல் காட்கே வீட்டுப் பெண் ராஜஸ்பாயும் வந்து சேர்ந்தாள். இந்த ராஜஸ்பாயின் பெயரை மறந்துவிடாதீர்கள். பின்னால் வருவாள்.

1687-ல் ஹம்பீர்ராவ் போர்க்களத்தில் மாண்டார். 1689 மார்ச்சில் ஸாம்பாஜியை ஔரங்கஜேப் பிடித்துக் கொன்றான். அதே ஆண்டில் ராய்கட்டும் விழுந்து, ஸாம்பாஜியின் மனைவி ஏசுபாயும் சிறுவன் ஷாஹுவும் சிறைப்பட்டார்கள். மிஞ்சியவன் பத்தொன்பது வயது ராஜாராம் ஒருவன்தான்.

செஞ்சிக்கு வந்த வழி

ராஜாராம் எங்கே போவான்? அவன் தந்தை 1677-ல் கைப்பற்றிப் பலப்படுத்தி வைத்திருந்த செஞ்சிக்குத்தான். மாறுவேஷத்தில், கேளடி ராணி சென்னம்மாவின் தயவால் கன்னட தேசத்தைக் கடந்து, வேலூர் வழியாக 1689 நவம்பரில் வந்து சேர்ந்தான்.

வந்த இடத்தில் அவனை வரவேற்கத் தயங்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? அவனுடைய அக்கா! செஞ்சியை ஆண்டுகொண்டிருந்த ஹர்ஜி மஹாடிக், சிவாஜியின் மாப்பிள்ளை; அந்த ஆண்டில்தான் காலமாகியிருந்தார். அவர் மனைவி அம்பிகாபாய், சிவாஜியின் மூத்த தாரத்து மகள். கணவன் ஆண்ட கோட்டையை மாற்றாந்தாய் மகனுக்குச் சுலபமாக விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. எதிர்த்துப் பார்த்தாள். கூட இருந்தவர்கள் ராஜாராம் பக்கம் சாயவே, கதவைத் திறக்க வேண்டியதாயிற்று.

உறவில் ஓரளவு கைகொடுத்தவர் தஞ்சாவூர் ஷாஹஜி மன்னர். சிவாஜியின் மாற்றாந்தாய்ச் சகோதரர் ஏகோஜியின் மகன் அவர். ராஜாராமுக்குப் பெரியப்பா சித்தப்பா பிள்ளை முறை. பண முடை வேறு. கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை 1690-ல் இங்கிலீஷ்காரர்கள் விலைக்கு வாங்கினார்கள் அல்லவா, அதை விற்றது இந்த ராஜாராம் அரசுதான். சென்னையில் அப்போது கவர்னராக இருந்தவர் எலிஹூ யேல்.

அதே 1690-ல் ஜுல்பிகார் கான் பெரும்படையுடன் வந்து செஞ்சியைச் சூழ்ந்தான். முற்றுகை ஏறக்குறைய எட்டு வருஷம் நடந்தது. எட்டு வருஷமும் ஒரே மூச்சாகச் சுற்றி நின்றார்கள் என்று எண்ண வேண்டாம். ஸந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் படையோடு வந்து மொகலாயரைப் படாத பாடு படுத்தினார்கள். 1693 தொடக்கத்தில் மொகலாயர் முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கும்படி ஆயிற்று. அவர்கள் பக்கமும் குடும்பச் சண்டைக்குக் குறைவில்லை. ஔரங்கஜேபின் மகன் காம் பக்ஷ் ராஜாராமுடன் ரகசியமாகப் பேச்சு நடத்த, தளபதியே இளவரசனைக் கைது செய்தான்!

இந்தப் பின்வாங்கல் இடைவெளியில்தான், 1694-ல், ராணிகள் செஞ்சிக்கு வந்தார்கள். தரை வழி பூராவும் மொகலாயர். ஆகவே கொங்கணக் கரையில் கப்பல் ஏறி, கன்னடக் கரையில் இறங்கி, அங்கிருந்து காடு மலை தாண்டி வந்தார்கள். ஐந்து வருஷப் பிரிவுக்குப் பின் கணவனைக் காண வந்தபோது தாராபாய்க்கு வயது பத்தொன்பது.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் பஸ் செஞ்சியை நெருங்கும்போதே அந்த மலைகளைப் பார்த்திருப்பீர்கள். ராட்சதக் குழந்தைகள் விளையாடிவிட்டுக் கொட்டிவிட்டுப் போனது போல் பாறை மேல் பாறை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளையும் வளைத்துக்கொண்டு மதில் ஓடுகிறது. ராஜகிரியின் உயரம் ஏறக்குறைய 800 அடி. அதன் அடிவாரத்தில் கல்யாண மஹால்: நடுவே சதுர முற்றம், சுற்றிலும் அறைகள், மேலே மேலே குறுகிக்கொண்டு போகும் அடுக்குக் கோபுரம். மாடிகளுக்கு மண் குழாய் வைத்துத் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள். அரண்மனைப் பெண்கள் வசித்த இடம் அது என்று வழிவழியாகச் சொல்லுகிறார்கள். சித்திரை வெயிலில் அந்தப் பாறைகள் எப்படிக் காயும் என்பது வட ஆற்காடு, தென் ஆற்காட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சஹ்யாத்ரி மலைக் காற்றில் வளர்ந்த பெண் அது. பாவம், முதல் கோடையை எப்படித் தள்ளினாளோ!

1696 ஜூன் மாதம், நல்ல வெயில் காலத்தில், தாராபாய் ஒரு பிள்ளையைப் பெற்றாள். பாட்டன் பெயரையே வைத்தார்கள்: சிவாஜி.

இரண்டு பிள்ளைகள்

கடைசியில், காலம் கடத்தினால் தலைக்கு ஆபத்து என்ற நிலை வந்த பிறகே ஜுல்பிகார் கான் கோட்டையைப் பிடிக்க முழு முயற்சி எடுத்தான். 1698 தொடக்கத்தில் செஞ்சி விழுந்தது. அதற்குள் ராஜாராம் நழுவிவிட்டான். பெண்டு பிள்ளைகள் பின்தங்கி, மொகலாயர் கையில் அகப்பட்டு, பிறகுதான் சொந்த தேசம் போய்ச் சேர முடிந்தது.

இங்கும் ஓர் உறவுக்காரரைப் பாருங்கள். மொகலாயர் பாசறையில் இருந்த கானோஜி ஷிர்க்கே, சிவாஜிக்கு மாப்பிள்ளை. சிறையில் இருந்த ஏசுபாய்க்குச் சகோதரன். ராஜாராமின் அந்தரங்க அதிகாரி கண்டோ பல்லாள், தன் பரம்பரை மானியத்தையே அவருக்கு எழுதிக் கொடுத்து, அரச குடும்பம் வெளியேற உதவி பெற்றதாக மராத்தியர் ஏடுகள் சொல்லுகின்றன. மச்சினனைக் காப்பாற்ற மாப்பிள்ளைக்கு விலை!

கோட்டையை விட்டுப் போகும்போது தாராபாயின் கையில் ஒன்றரை வயதுக் குழந்தை. ராஜஸ்பாயோ கர்ப்பிணி. அந்த ஆண்டு மே மாதத்தில் அவளும் ஓர் ஆண் மகவைப் பெற்றாள். அவனுக்கு ஸாம்பாஜி என்று பெயரிட்டார்கள்.

சக்களத்தி சண்டை நம் தேசத்துச் சொத்து மட்டும் அல்ல. அதே வருஷங்களில் கொரியாவில் சுக்ஜோங் என்ற அரசன் இருந்தான். 1689-ல் அவன் இன்ஹியோன் என்ற பட்டத்தரசியைத் தள்ளிவிட்டு, தனக்கு மகனைப் பெற்றுக் கொடுத்த ஜாங் என்ற ஆசை நாயகியை அரசியாக்கினான். 1694-ல் மனம் மாறிப் பழைய அரசியையே திரும்ப அழைத்தான். 1701-ல் அவள் இறந்ததும், சூனியம் வைத்தாள் என்று ஜாங்குக்கு விஷம் கொடுக்கச் செய்தான். ஆனால் அந்த ஜாங்கின் மகன் பின்னால் அரசனானான்! அரண்மனையில் பெண்ணின் அதிர்ஷ்டம் அவள் மடியில் இருக்கும் பிள்ளையைப் பொறுத்தது. இது சியோலிலும் சரி, செஞ்சியிலும் சரி.

1700 மார்ச்சில் ராஜாராம் சிங்ககட் கோட்டையில் இறந்தான். தாராபாய்க்கு இருபத்தைந்து வயது. உட்கார்ந்து அழ நேரமில்லை. நான்கு வயது மகனுக்குப் பட்டம் கட்டி, ஆட்சியைத் தானே ஏற்றாள். கோட்டைக்குக் கோட்டை போய்ப் படைகளை ஏவினாள். கிழ சக்கரவர்த்தி ஒரு கோட்டையைப் பிடித்தால், அவளுடைய குதிரைப் படை நர்மதையைத் தாண்டி மாளவத்தில் நின்றது. எதிரிப் பக்கத்துச் சரித்திரக்காரரான காஃபிகானே அவள் சாமர்த்தியத்தை மெச்சி எழுதியிருக்கிறார். இதைவிட என்ன நற்சாட்சிப் பத்திரம் வேண்டும்? 1707-ல் ஔரங்கஜேப் தக்கணத்திலேயே இறந்தான்.

பட்டத்தரசியாகவே மீதி நாளைக் கழித்திருக்கலாம். விட்டார்களா? மொகலாயர் தந்திரமாக ஷாஹுவை விடுதலை செய்தார்கள். பதினெட்டு வருஷம் சிறையில் இருந்த மூத்தார் மகன் வாசலில் வந்து நிற்கிறான். சின்னம்மா என்ன சொன்னாள்? “இவன் ஷாஹுவே அல்ல, போலி!” என்று பிரகடனம் செய்தாள். தளபதி தனாஜி ஜாதவ் அதை நம்பவில்லை. அக்டோபரில் கேட் என்ற இடத்தில் நடந்த சண்டையில் ஷாஹு ஜயித்தான். சதாரா அவனுக்கு, தாராபாய்க்குப் பன்ஹாளாவும் கோல்ஹாபூரும்.

அங்கேதான் ராஜஸ்பாய் காத்திருந்தாள். 1714-ல், இங்கே செஞ்சியில் தேசிங்கு விழுந்த அதே ஆண்டில், அங்கே தாராபாயையும் பதினெட்டு வயது சிவாஜியையும் பிடித்துப் பூட்டிவிட்டு, தன் மகன் ஸாம்பாஜியை ராஜாவாக்கினாள். செஞ்சியிலிருந்து ஒன்றாகப் புறப்பட்டு வந்த இரண்டு பெண்கள்! செஞ்சியில் பிறந்த அந்தப் பிள்ளை மறுபடி வெளிச்சத்தையே காணவில்லை. 1726-ல் காவலிலேயே இறந்தான்.

பேரனா, இல்லையா?

சிறையில் ஒரு கிழவி, பிள்ளையும் போய்விட்டான். கதை முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? 1730-ல் ஷாஹு கோல்ஹாபூர்க்காரர்களைத் தோற்கடித்ததும் தாராபாய் சதாராவுக்கு வந்தாள். போலி என்று யாரைச் சொன்னாளோ, அந்த ஷாஹுவின் பாதுகாப்பில், காவலும் மரியாதையுமாகப் பத்தொன்பது வருஷம் இருந்தாள்.

ஷாஹுவுக்கு ஆண் வாரிசு இல்லை. அவன் அந்திம காலத்தில் தாராபாய் வாயைத் திறந்தாள். தன் மகன் சிவாஜிக்கு ஒரு பிள்ளை உண்டு என்றும், ராஜஸ்பாய்க்குப் பயந்து குழந்தையாக இருக்கும்போதே வெளியே கடத்தி ஒளித்து வளர்த்ததாகவும் சொன்னாள். அவன்தான் ராமராஜா. 1749 டிசம்பரில் ஷாஹு இறக்க, 1750 ஜனவரியில் ராமராஜாவுக்குப் பட்டாபிஷேகம் ஆயிற்று. முப்பத்தாறு வருஷம் கழித்து மறுபடியும் தாராபாய் வீட்டு ராஜ்யம்!

ஆனால் அதற்குள் உண்மையான அதிகாரம் பேஷ்வா பாலாஜி பாஜிராவின் கைக்குப் போய்விட்டது. பேஷ்வாவை விலக்கு என்று பாட்டி சொன்னாள்; பேரன் கேட்கவில்லை. 1750 நவம்பரில், எழுபத்தைந்து வயதுப் பாட்டி அந்தப் பேரனைச் சதாராக் கோட்டையில் அடைத்துக் கதவைச் சாத்தினாள். பேஷ்வாவின் படையாலும் அவளை மசிய வைக்க முடியவில்லை. 1752-ல் சமாதானம் பேசி, ஜேஜூரி கண்டோபா சன்னிதியில் நின்று ஒரு சத்தியம் செய்தாள்: ராமராஜா தன் பேரனே அல்ல!

எது மெய், எது பொய்? சரித்திர ஆசிரியர்கள் இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை. என்னைக் கேட்டால், முதலில் சொன்னதே மெய்யாக இருக்கும் என்று தோன்றுகிறது. கோபத்தில் பெற்ற பிள்ளையையே “நீ என் பிள்ளையா?” என்று கேட்கும் தாய்மாரை நாம் பார்த்ததில்லையா? கோயிலில் சத்தியம் செய்யும் அளவுக்குப் போவது மட்டும்தான் அதிகப்படி.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியரின் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றில் மஹாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம் செஞ்சி ஒன்றே. அவள் சிறு பெண்ணாக வாழ்க்கைப்பட்ட ராய்கட்டும், ஆண்டு பின் அடைபட்ட பன்ஹாளாவும் அதே பட்டியலில் இருக்கின்றன.

1761 ஜனவரியில் பானிப்பட்டில் மராத்தியர் சேனை அழிந்தது. அந்தத் துக்கம் தாங்காமல் ஜூனில் பேஷ்வா பாலாஜி பாஜிராவ் உயிர் விட்டார். தாராபாய் அவருக்குப் பின்னும் இருந்து, டிசம்பரில் சதாராவில் காலமானாள். வயது 86. பேரனல்ல என்று அவள் சத்தியம் செய்த ராமராஜா, 1777 வரை, பெயருக்கு ராஜாவாக, அதே சதாராவில் இருந்தான்.