பெத்லகேமில் மூன்று கிறிஸ்துமஸ்

இயேசு பிறந்த பெத்லகேமில் கிறிஸ்துமஸ் மூன்று தடவை வரும்: டிசம்பர் 25, ஜனவரி 7, ஜனவரி 19. நேற்று டீ குடிக்க வந்த எதிர்வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னதும், "ஒருத்தர் எப்படிப்பா மூணு நாள்ல பிறப்பாரு?" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டாவது டம்ளரையும் ஊற்றிவைத்துவிட்டு விளக்க ஆரம்பித்தேன்.

முதல் நாள் நமக்குத் தெரிந்தது. கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகளின் பண்டிகை. இரண்டாவது நாள் நமக்குச் சட்டென்று புரியும். வாக்கியப் பஞ்சாங்கத்தில் சனிப்பெயர்ச்சி ஒரு நாள், திருக்கணிதத்தில் வேறு நாள் என்று பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அங்கேயும் அதே கதைதான். ஜூலியஸ் சீசர் கொண்டுவந்த நாட்காட்டி, வருஷத்துக்கு 365 நாள் 6 மணி நேரம் என்று கணக்குப் போட்டது. உண்மையில் சுமார் 11 நிமிஷம் குறைவு. அந்த 11 நிமிஷம் சேர்ந்து சேர்ந்து 128 வருஷத்தில் ஒரு நாளாகிவிடும். 1582-இல் போப் 13-ஆம் கிரகோரி திருத்தினார். அக்டோபர் 4-க்கு மறுநாளை அக்டோபர் 15 ஆக்கினார். எருசலேமின் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபை பழைய கணக்கை விடவில்லை. இன்று வித்தியாசம் 13 நாள். நாம் காலண்டரில் ஜனவரி 6-ஐக் கிழித்துப்போடும் காலையில் அவர்களுக்கு டிசம்பர் 25 விடிகிறது.

மூன்றாவது ஆர்மீனியர்களுடையது. எனக்கு மனசுக்கு நெருக்கமானது இதுதான், ஏனென்றால் காரணம் அவர்களுடைய வாழ்த்துக்குள்ளேயே இருக்கிறது. "கிறிஸ்தோஸ் த்ஸ்னவ் யெவ் ஹாய்த்னெத்ஸவ்" என்பார் ஒருவர். கிறிஸ்து பிறந்தார், வெளிப்பட்டார் என்று அர்த்தம். கேட்டவர் "உங்களுக்கும்" என்று முடித்துக்கொள்ள மாட்டார். "கிறிஸ்துவின் வெளிப்பாடு போற்றப்படுவதாக" என்று பதில் சொல்வார்.

பிறந்தார், சரி. 'வெளிப்பட்டார்' எதற்கு? யோர்தான் நதியில் அவர் ஞானஸ்நானம் பெற்றபோது யார் என்று உலகுக்குத் தெரிந்ததே, அதைச் சொல்கிறார்கள். ஆதியில் கிழக்குத் திருச்சபைகள் பல, பிறப்பையும் ஞானஸ்நானத்தையும் ஜனவரி 6 அன்று சேர்த்தே கொண்டாடின. பிற்பாடு ரோமின் டிசம்பர் 25 பரவியது. மற்றவர்கள் பண்டிகையை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆர்மீனியர்கள் பிரிக்கவில்லை. ஆர்மீனியாவில் இன்றும் ஜனவரி 6தான். எருசலேம், பெத்லகேம் ஆர்மீனியர்கள் மட்டும் பழைய நாட்காட்டிப்படி நடப்பதால், 13 கூட்டி ஜனவரி 19.

இந்த மூன்று பண்டிகையும் ஒரே கோயில் வளாகத்தில்தான். முகப்பு வாசல் நாலடி உயரம். குனிந்துதான் நுழைய வேண்டும். கீழே குகையில், பிறந்த இடம் இது என்று காட்ட 14 முனை வெள்ளி நட்சத்திரம் பதித்திருக்கிறார்கள்.

ஊர்க்காரர்கள் பேசுவது அரபி. "மீலாத் மஜீத்" என்று வாழ்த்துவார்கள், மகிமையான பிறப்பு என்று பொருள். மீலாது நபி என்று நம் காலண்டரில் சிவப்பில் போட்டிருக்குமே, அதே மீலாது. இதைக் கேட்டதும் அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "குல் ஆம் வ அன்தும் பிஹைர்" என்று இன்னொன்றும் உண்டு: வருஷா வருஷம் நல்லா இருங்க. கிறிஸ்துமஸுக்கு முஸ்லிம் அண்டைவீட்டுக்காரர் இதைச் சொல்வார். பெருநாளுக்கு அதே வார்த்தை அவருக்குத் திரும்பி வரும்.

"அப்போ இந்தத் தேதி மாறவே மாறாதா?" என்றார் அக்கா. மாறும். பழைய கணக்கிலேயே தொடர்ந்தால், 2100 பிப்ரவரி தாண்டியதும் வித்தியாசம் 14 நாளாகிவிடும். 2101-இல் பெத்லகேமின் இரண்டாவது கிறிஸ்துமஸ் ஜனவரி 8, மூன்றாவது ஜனவரி 20.