நெடுவரிசைத் தலைப்பில் சொடுக்குதல்

தரவுத்தளப் படிவம் ஒன்றில் பதிவுகளை அட்டவணையாகக் காட்டும்போது, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் மேலே பெயர், சேர்க்கை எண், மதிப்பெண் என்று ஒரு தலைப்பு இருக்கும். அதைச் சுட்டியால் சொடுக்கினால் பதிவுகள் அந்த நெடுவரிசையின்படி ஏறுவரிசையிலும், மீண்டும் சொடுக்கினால் இறங்குவரிசையிலும் அமைய வேண்டும் என்பது பயனரின் எதிர்பார்ப்பு. டாட்நெட் பிரேம்வொர்க் 2.0 பதிப்புடன் 2005இல் வந்த டேட்டாகிரிட்வியூவை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

தலைப்பைச் சொடுக்கியதும் காலம்ஹெடர்மவுஸ்கிளிக் என்ற நிகழ்வு எழுகிறது. எந்த நெடுவரிசை, எந்தப் பொத்தான் என்ற விவரங்கள் அதனுடன் வரும். வலப்பொத்தானை அழுத்தினாலும் இதே நிகழ்வுதான். ஆகவே பொத்தானைச் சோதித்த பிறகே எதையும் செய்ய வேண்டும்.

நெடுவரிசைகளின் எண் 0இல் தொடங்குகிறது. தலைப்பு ஒரு பதிவு அன்று என்பதால் அதன் கிடைவரிசை எண் -1. கட்டங்களுக்கு உரிய செல்கிளிக் நிகழ்வும் தலைப்பைச் சொடுக்கும்போது எழும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அங்கே -1 ஆவது கிடைவரிசையைக் கேட்டால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும்.

எழுத்துப்பெட்டி நெடுவரிசைகள் தாமாகவே வரிசைப்படும். தேர்வுப்பெட்டி நெடுவரிசைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். டேட்டாடேபிளுக்குப் பதிலாகச் சாதாரணப் பட்டியல் ஒன்றை இணைத்திருந்தால் சொடுக்கியும் ஒன்றும் நடக்காது. மதிப்பெண்ணை எண்ணாக வைக்காமல் எழுத்தாக வைத்திருந்தாலோ 100, 45, 9 என்பதே ஏறுவரிசை ஆகிவிடும்! முதல் எழுத்தை மட்டும் ஒப்பிட்டால் 1, 4, 9 சரியான வரிசைதானே.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பிழைகள். தெரியாத பிழை ஒன்று உண்டு. ஆசிரியர் மூன்றாவது கிடைவரிசையில் உள்ள மாணவரைத் தேர்ந்தெடுக்கிறார். நிரல் "மூன்றாவது" என்பதை மட்டும் நினைவில் வைக்கிறது. பிறகு அவர் பெயர்த் தலைப்பைச் சொடுக்குகிறார். மூன்றாம் இடத்துக்கு வேறொரு மாணவர் வந்துவிடுகிறார். அடுத்து சேமிக்கும் மதிப்பெண் அந்த வேறு மாணவர் பெயரில் ஏறிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. மாணவரோ பெற்றோரோ வந்து கேட்டால்தான் உண்டு. நீக்கு என்ற பொத்தானும் அங்கே இருந்தால் விளைவு இன்னும் மோசம்.

ஆகவே நினைவில் வைக்க வேண்டியது சேர்க்கை எண் போன்ற முதன்மைத் திறவுகோலை. திரையில் பதிவு எங்கே நகர்ந்தாலும் அது மாறாது. வரிசைப்படுத்தி முடிந்ததும் அந்த எண்ணைக் கொண்ட பதிவைத் தேடி, அதையே மறுபடி தேர்ந்தெடுத்துக் காட்டும்படி நிரலை எழுத வேண்டும்.