பகல்ல கோட்டை, ராத்திரி மலை... நடுவுல நாம!

"ஒரு மனை வாங்கிப் போடுங்க சார். அஞ்சே வருஷத்துல டபுள்!"

செஞ்சியில் பஸ் ஏறியதும் பக்கத்து ஸீட்காரர் ஒரு நோட்டீஸை நீட்டினார். 'கிரிவலப் பாதைக்கு மிக மிக அருகில்!' என்று கொட்டை எழுத்து. இடம் எங்கே என்று பார்த்தால், கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில். அங்கிருந்து திருவண்ணாமலைக்கு 20 கிலோமீட்டர் வரும். கிரிவலமே மொத்தம் 14 கிலோமீட்டர்தான்! மலையை ஒரு சுற்று சுற்றுவதைவிட, 'அருகில்' போய்ச் சேருவது தூரம்.

சிரித்துவிட்டு நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். காரணம், இன்ஷூரன்ஸ் முதிர்ந்து கைக்கு வந்திருந்த 2 லட்சம். "எதிலாவது போட்டுத் தொலைங்களேன்" என்று வீட்டில் தினமும் அர்ச்சனை.

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் நடுவில் கோடு போட்டு வரவு, செலவு எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. எழுதினேன்.

வரவு: 2024 மே மாதம் சென்னை கடற்கரையிலிருந்து திருவண்ணாமலைக்கு நேரடி ரயில் வந்தது. அதே ஆகஸ்ட்டில் ஊர் மாநகராட்சி ஆனது. பௌர்ணமிக்கு மட்டும் வந்த கூட்டம், இப்போது சனி, ஞாயிறும் வருகிறது. ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து வேன் வேனாக வந்து இறங்குகிறார்கள்.

செலவுப் பக்கம் எழுதும்போது பேனா நின்றது. 2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு. அடிவாரத்து வ.உ.சி. நகரில் ஒரு வீடு புதைந்து 7 பேர் போனார்கள். அதில் 5 பேர் குழந்தைகள்.

இதற்கு எந்தக் கணக்கில் பற்று எழுதுவது? மலைதான் அந்த ஊரின் மூலதனம். மலையை ஒட்டி ஒட்டிக் கட்டிக்கொண்டே போவது, மூலதனத்தைத் தின்றுவிட்டு லாபம் என்று ஏப்பம் விடுகிற கதை. பி.காம். முதல் வருஷத்திலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்!

அதற்குள் கீழ்பென்னாத்தூர் வந்துவிட்டது. மனையைப் பார்க்க இறங்கியவன், முதலில் ஒரு டீ சொன்னேன்.

"வெளியூர்க்காரங்க எல்லாம் இங்க நிக்கறாங்களா?" என்று கேட்டேன்.

"நிக்கறாங்க சார். ஆனா டீயா கேக்கறாங்க? 'பாத்ரூம் எங்க'ன்னுதான் கேக்கறாங்க. அந்தக் கொல்லையக் காட்ட வேண்டியிருக்கு. பொம்பளைங்க பேசாம திரும்பி வேன்ல ஏறிக்கறாங்க" என்றார் கடைக்காரர்.

சுரீர் என்றது. இத்தனை நேரம் இடத்துக்கு விலை போட்டேனே, வந்து இறங்குகிற ஆளுக்கு என்ன வேண்டும் என்று யோசித்தேனா?

இன்னொரு வரவும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மராட்டியர் கோட்டைகள் என்று 12 கோட்டைகளைச் சேர்த்தார்கள். மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். 1677ல் சிவாஜி பிடித்த கோட்டை. அவர் மகன் ராஜாராம் வந்து தங்கி, முற்றுகையிட்ட மொகலாயப் படைக்கு வருஷக்கணக்கில் தண்ணி காட்டிய இடம்!

இப்போது கணக்குப் போடுங்கள். கோட்டையைப் பகலில்தான் ஏற முடியும். கிரிவலத்துக்கோ ராத்திரிதான் சுகம். இரண்டையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பவருக்கு, சாயங்காலம் குளிக்க, சாப்பிட, 2 மணி நேரம் காலை நீட்ட ஒரு இடம் வேண்டும். கோட்டைக்கும் மலைக்கும் நடு வழியில், மெயின் ரோடு மேலேயே உட்கார்ந்திருக்கிறது கீழ்பென்னாத்தூர்.

வெளியூர் கம்பெனி வந்து அஞ்சு மாடி கட்ட வேண்டாம். நாலு ரூம், சுத்தமான கக்கூஸ், தண்ணீர், சூடாகச் சாப்பாடு, கிளம்பும்போது கையில் ஒரு பொட்டலம் வறுத்த மல்லாட்டை. ஆபீஸில் நாலு நண்பர்கள் சேர்ந்தால் முடிகிற முதலீடு. மலையில் ஒரு கல்லைக்கூடப் பெயர்க்க வேண்டாம்.

கடைக்காரரிடம் சொன்னேன். "கொல்லை உங்களுது. முதல்ல ரெண்டு பாத்ரூம், என் செலவு. வரும்படியில பாதிப் பாதி."

"வீட்ல கேட்டுச் சொல்றேன் சார்" என்றார்.

"நானும் அங்கதான் கேக்கணும்" என்றேன்.

மனையைப் பார்க்கப் போகவில்லை. அந்த நோட்டீஸின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. கணக்கெல்லாம் அதில்தான் போட்டு வைத்திருக்கிறேன்!