டெம்ப்ஸியின் இடம் எது?

அமெரிக்காவின் கால்பந்து ஆட்டக்காரர் கிளின்ட் டெம்ப்ஸி 2007 ஜனவரியில் லண்டனின் ஃபுல்ஹாம் அணிக்கு வந்தது முதல் ரசிகர்களிடையே ஒரு வாதம் ஓயவில்லை: அவர் விங்கரா, நடுக்கள வீரரா, ஸ்ட்ரைக்கரா? என் பார்வையில், இடப்பக்கத்திலிருந்து தொடங்கி, கோல் முகம் நோக்கி உள்ளே நுழையும் சுதந்திரமே அவருக்கு உரிய இடம். விங்கருக்கு வேண்டிய மின்னல் வேகம் அவரிடம் இருக்கவில்லை. ஆனால் பந்து எங்கே விழும் என்பதை முன்கூட்டியே உணர்ந்து, தடுப்பாளர்களின் கண்ணில் படாமல் பெனால்டி பகுதிக்குள் வந்து சேர்வதில் அவர் வல்லவராக இருந்தார். 2011–12 பருவத்தில் பிரீமியர் லீக்கில் மட்டும் 17 கோல்கள் அடித்தார். நியூகாசிலுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்து, அந்த லீக்கில் அச்சாதனை புரிந்த முதல் அமெரிக்கரானார்.

அப்படியானால் அவரை நிரந்தர ஸ்ட்ரைக்கராகவே ஆட வைத்திருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்குபவரைத் தடுப்பாளர் எளிதில் பிடித்துவிடுவார். பின்னாலிருந்து ஓடிவருபவரைப் பிடிப்பது கடினம். டெம்ப்ஸியின் பலம் அந்த ஓட்டத்தில்தான் இருந்தது. பின்னர் டாட்டன்ஹாம் அணிக்குச் சென்ற அவர் 2012–13இல் அடித்த லீக் கோல்கள் 7 மட்டுமே என்பது வலுவான மறுப்புதான். ஆனால் ஃபுல்ஹாமில் தாக்குதல் அவரைச் சுற்றி அமைந்தது. டாட்டன்ஹாமின் தாக்குதலுக்கு மையம் சக வீரர் கேரத் பேல். ஓர் ஆட்டக்காரரின் மதிப்பைத் திறமையோடு, அணி அவருக்குத் தரும் பொறுப்பையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.