சைக்கிள் ஓட்டாதவர்களின் சைக்கிள் டிரவுசர்

பேத்திக்குத் துணி எடுத்த பில்லைச் சித்தப்பா டீக்கடை பெஞ்சில் விரித்தார். சுடிதார் ஒன்று, துப்பட்டா ஒன்று, அதற்குக் கீழே ‘சைக்கிளிங் ஷார்ட்ஸ் – 2’. “அவ ஸ்கூட்டில போறவடா. சைக்கிளைத் தொட்டே வருஷக்கணக்காச்சு. கடைக்காரன் தலையில கட்டிட்டானா?” என்றார்.

கட்டவில்லை. திண்டுக்கல் ரெடிமேட் கடைகளின் உள்ளாடைப் பிரிவில் இதே பெயரில் இது தாராளமாகக் கிடைக்கிறது. வாங்குகிறவர்களில் சைக்கிள் ஓட்டுகிறவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பள்ளிக்கூடச் சிறுமிகள் யூனிபார்ம் பாவாடைக்குள் போடுகிறார்கள். வண்டியில் போகும்போது காற்றில் தூக்குகிற டாப்ஸுக்குள் கல்லூரிப் பெண்கள் போடுகிறார்கள். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிற பெண்கள், சித்திரை வெயிலில் தொடை உரசிப் புண்ணாகாமலிருக்கச் சேலைக்குள் போடுகிறார்கள். சிலர் வீட்டில் பெரிய டீ-ஷர்ட்டோடு அதை மட்டுமே போட்டுக்கொண்டு, வாசலில் காய்கறி வண்டி நின்றால் அப்படியே வந்து தக்காளியும் வாங்குகிறார்கள்.

சித்தப்பாவுக்குப் புரியவைக்க ரொம்ப மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. தபால்காரராக ஆத்தூர் பக்கத்துக் கிராமங்களைச் சைக்கிளிலேயே சுற்றி ஓய்வு பெற்றவர். “உங்க பட்டாபட்டிதான் சித்தப்பா. கொஞ்சம் ஒட்டித் தச்சது, அவ்வளவுதான்” என்றேன்.

பட்டாபட்டியை இன்றைய பிள்ளைகள் சினிமா காமெடியில்தான் பார்த்திருப்பார்கள். கோடு போட்ட கெட்டிப் பருத்தித் துணி, இடுப்பில் நாடா, முழங்கால் வரை நீளம், பீடிக்கட்டும் சில்லறையும் உள்ளே முங்கிப்போகிற ஆழத்துக்கு ஒரு பை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதிக்கிறவருக்கு அது பெரிய உபகாரி. சீட்டு விளிம்பில் தொடை உரசாது, காற்றில் வேட்டி விலகினாலும் மானம் போகாது, மேடு பள்ளத்தில் காசு கீழே விழாது. ஆனால் சைக்கிளுக்கென்று அதை யாரும் தைக்கவில்லை. வரப்பில் நடந்தாலும் கமலைக் கிணற்றில் இறங்கினாலும் அதே டிரவுசர்தான்.

ஐரோப்பாவில் சைக்கிளுக்கென்றே ஒரு உடுப்பு உருவானதற்குக் காரணம் பந்தயம். டூர் டி பிரான்ஸ் 1903இல் தொடங்கியபோது வீரர்கள் கம்பளிச் சட்டையும் கம்பளி டிரவுசரும்தான் போட்டிருந்தார்கள். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உட்கார்ந்தே போக வேண்டும். அதனால் டிரவுசருக்குள், உட்காரும் இடத்தில், ஷாமி என்கிற மலையாட்டின் மெல்லிய தோலை வைத்துத் தைக்கிற வழக்கம் வந்தது. கார் துடைக்க ஷாமி லெதர் என்று விற்கிறார்களே, அந்த வகைத் தோல். திண்டுக்கல்லுக்குத் தோல் புதிதில்லை. இந்த ஊர்த் தோல்ஷாப்புத் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய ‘தோல்’ நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருதே கிடைத்தது. மென்மையான தோல் நனைந்து காய்ந்தால் என்ன கதிக்கு ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். அப்பளம்போல விறைத்துக்கொள்ளும். அந்தக் கால வீரர்கள் ஒவ்வொரு தடவை துவைத்த பிறகும் அதில் களிம்பு தடவி இளக்கித்தான் போட்டுக்கொண்டார்கள். கம்பளியோ வியர்வையிலும் மழையிலும் ஊறிக் கனத்துத் தொங்கும்.

இந்தத் தொல்லையிலிருந்து அவர்களை மீட்டது லைக்ரா. அமெரிக்காவின் டுபான்ட் கம்பெனியில் வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் 1958இல் உருவாக்கிய இழை அது. இழுத்தால் தன் நீளத்தைப் போல ஐந்து ஆறு மடங்கு நீளும், விட்டால் பழையபடி சுருங்கும். ரப்பர் நூலும் நீளும்தான். ஆனால் வியர்வையும் உடம்பு எண்ணெயும் பட்டுச் சீக்கிரம் இற்றுப்போகும். எதற்காக இந்த இழையைத் தேடினார்கள் என்பதுதான் விசேஷம். பந்தயத்துக்காக அல்ல. பெண்கள் இடுப்பை இறுக்கிப் போட்டுக்கொண்ட உள்ளாடையில் ரப்பருக்கு மாற்று வேண்டியிருந்தது, அதற்காக. 1970களின் பிற்பகுதியில்தான் இத்தாலியின் காஸ்டெல்லி, சுவிட்சர்லாந்தின் அசோஸ் ஆகிய கம்பெனிகள் அதைச் சைக்கிள் டிரவுசருக்குக் கொண்டுவந்தன. இப்போது சித்தப்பா பேத்தியின் பில்லில் அது மறுபடியும் உள்ளாடையாக வந்து நிற்கிறது. உள்ளாடையாகப் பிறந்து, ஆல்ப்ஸ் மலையெல்லாம் ஏறி இறங்கி, பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டது.

திரும்பி வருகிற வழியில் பலதையும் கழற்றிப் போட்டுவிட்டது. பந்தய டிரவுசரைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும். குனிந்து மிதிக்கிற உடம்புக்கேற்ப ஆறு எட்டுத் துண்டுகளாக வெட்டித் தைத்திருப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றால் வயிற்றுப் பக்கம் துணி சுருண்டு கூடும். தோலுக்குப் பதில் இப்போது ஸ்பாஞ்சு மெத்தை. தொடையில் ஏறிவிடாமல் பிடித்துக்கொள்ளச் சிலிக்கான் பட்டை. துணியில் பெரும்பங்கு நைலான், ஐந்தில் ஒரு பங்குவரைகூட லைக்ரா. பேத்தி வாங்கியதில் மெத்தை இல்லை, பட்டை இல்லை, வெட்டும் எளிது. அதன் லேபிளில் பெரும்பாலும் 95 சதவீதம் பருத்தி, 5 சதவீதம் எலாஸ்டேன் என்று இருக்கும். லைக்ரா என்பது ஒரு கம்பெனியின் வணிகப் பெயர். இழைக்கு எலாஸ்டேன், ஸ்பாண்டெக்ஸ் என்று பொதுப்பெயர்கள் உண்டு.

பருத்தி நூலுக்கு நாம் ரொம்பத் தூரம் போக வேண்டாம். வேடசந்தூர் சுற்றுவட்டார மில்களில் பஞ்சு நூலாகிக் கோன்களில் ஏறுகிறது. ஒட்டன்சத்திரம், தாராபுரம் தாண்டினால் திருப்பூர். அங்கே நிட்டிங் மெஷினில் பருத்தி நூலுக்குப் பக்கத்திலேயே முடியைவிட மெலிந்த லைக்ரா இழையை இழுத்துப் பிடித்தபடி ஊசிக்குள் விடுகிறார்கள். இரண்டும் சேர்ந்து பின்னப்பட்டதும் இழுத்த இழை சுருங்கப் பார்க்கும். துணியும் கூடவே சுருங்கிக்கொள்ளும். போட்டுக்கொள்ளும்போது உடம்போடு ஒட்டுகிறது என்கிறோமே, அந்த இழை தன் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது, அவ்வளவுதான். இதே துணியில் கணுக்கால் வரை தைத்தால் லெக்கின்ஸ்.

லெக்கின்ஸுக்கு இங்கே கிடைத்த ஏச்சு சைக்கிளிங் ஷார்ட்ஸுக்குக் கிடைக்கவில்லை. அது உள்ளே இருப்பதால் தப்பித்துக்கொண்டது. 2015இல் குமுதம் ரிப்போர்ட்டர் லெக்கின்ஸ் ஆபாசம் என்று அட்டைப்படக் கட்டுரை போட்டது. பெண்களை அவர்களின் அனுமதியில்லாமல் எடுத்த படங்கள் என்று கடும் கண்டனம் எழுந்தது. அந்தக் கூச்சலுக்குப் பிறகும் திருப்பூர் லெக்கின்ஸ் விற்பனை படுத்ததாகத் தெரியவில்லை. கோவில், ஆபீஸ், கல்யாண வீடு என்று எல்லா இடத்துக்கும் அது போய்விட்டது. துணியைப் பற்றிய பஞ்சாயத்துகளில் ஆண்களின் தீர்ப்பு பொதுவாகத் தாமதமாகவே வருகிறது என்பது என் அபிப்பிராயம்.

மேல்நாட்டில் பந்தய உடுப்பு சைக்கிளை விட்டு இறங்கித் தெருவுக்கு வந்தது இப்படி ஒளிந்துகொண்டு அல்ல. 1986இல் இயக்குநர் ஸ்பைக் லீ தன் முதல் முழுநீளப் படத்தில் ‘புரூக்ளின்’ என்று எழுதிய சைக்கிள் தொப்பியை, விளிம்பை மேலே மடித்துவிட்டுப் போட்டுக்கொண்டு நடித்தார். இத்தாலியில் புரூக்ளின் என்ற பெயரில் சூயிங்கம் விற்ற கம்பெனி நடத்திய பந்தய அணியின் தொப்பி அது. நியூயார்க்கின் அசல் புரூக்ளின்காரர் தலையில் வந்து உட்கார்ந்தது. 1990களின் நடுவில் இளவரசி டயானா சைக்கிள் ஷார்ட்ஸும் தொளதொள ஸ்வெட்ஷர்ட்டுமாக உடற்பயிற்சிக்கூடத்திலிருந்து வெளியே வந்த படங்கள் உலகமெல்லாம் அச்சாயின. அந்த டயானாவை நினைத்து ஆடை வடிவமைப்பாளர் வர்ஜில் ஆப்லோ 2017 செப்டம்பரில் பாரிஸில் ஒரு தொகுப்பு போட்டார்; நவோமி கேம்பெல் வெள்ளைக் கோட்டும் சைக்கிள் ஷார்ட்ஸுமாக அந்த மேடையில் நடந்தார்.

“அப்ப ஆம்பளப் பசங்க போடறது?” என்றார் சித்தப்பா. எதிரே பைக்கில் சாய்ந்து நின்ற கல்லூரிப் பையனைப் பார்த்துதான் கேட்டார். அவன் போட்டிருந்தது சைக்கிள் பந்தயச் சட்டை: நெஞ்சில் ஏதோ வெளிநாட்டு பாங்க் பெயர், கழுத்துவரை ஜிப், முதுகுக்குக் கீழே வரிசையாக மூன்று பைகள். பையன் செல்போனை அதில் ஒன்றில் போட்டிருந்தான். பந்தயத்தில் குனிந்து போகிறவர் கையைப் பின்னால் விட்டு வாழைப்பழம் எடுக்க வசதியாக வைத்த பை அது. அதே காரணத்துக்காகத்தான் பின்பக்கம் நீளம், முன்பக்கம் குட்டை. பஸ்ஸில் உட்கார்ந்து சாய்ந்தால் பையில் இருக்கிற சாமானெல்லாம் இடுப்பில் குத்தும்.

இந்தச் சட்டையை நம் வெயிலுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. அது பாலியஸ்டர்; ஈரத்தை உறிஞ்சாது. பருத்தி தன் எடையில் எட்டு சதவீதம் அளவுக்குச் சாதாரணமாகவே ஈரப்பதம் வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வைத்துக்கொள்ளாது. வியர்வையை மேற்பரப்பில் பரப்பிவிட்டு, எதிர்க்காற்று வந்து உலர்த்தட்டும் என்று காத்திருக்கிற துணி அது. சைக்கிளில் வேகமாகப் போனால் காற்று கிடைக்கும், நன்றாக வேலை செய்யும். பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் நின்றால் காற்றுக்கு எங்கே போவது? உடம்பு எண்ணெயை மட்டும் பாலியஸ்டர் விடாமல் பிடித்துக்கொள்ளும். சாயங்காலம் பக்கத்தில் நிற்கிறவருக்கு மீதிக் கதை தெரிந்துவிடும்.

ஐரோப்பாவில் பந்தயத்துக்காக உடுப்பு மாறியது என்றால், நம் சமவெளியில் உடுப்பு மாறவில்லை; அதற்கேற்ற சைக்கிள்தான் வந்தது. நடுக்கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிள், செயினை மூடுகிற தகரப்பெட்டி, பேன்ட் போட்டவர்களுக்குக் கணுக்காலில் ஒரு எஃகுக் கிளிப். சித்தப்பாவே காக்கி பேன்ட்டில் அந்தக் கிளிப்பைக் கழற்ற மறந்து கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர்தான். மோட்டார் சைக்கிளில்கூடப் பின்சக்கரத்துக்குச் சாரி கார்டு வைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். ஆயிரக்கணக்கானவர்கள் சேலையோடும் தாவணியோடும்தான் கற்றுக்கொண்டார்கள். நடுக்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று ஆண்கள் சைக்கிளையே விரும்பி எடுத்த பெண்களைப் பற்றிப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பந்தய உடுப்பு எதையும் அவர்கள் கேட்கவில்லை.

முழு வேஷத்தையும் இங்கே பார்க்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை விடியலில் சிறுமலை ரோட்டுக்குப் போக வேண்டும். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிறவர்களுக்கு அந்த ஒட்டு டிரவுசரும் முதுகுப் பையும் அவசியம்தான். இறங்கி டீக்கடைக்கு வந்ததும் சிலர் அதற்கு மேல் தொளதொளவென்று ஒரு அரை டிரவுசரை மாட்டிக்கொள்கிறார்கள். கூச்சம்தான். அதைவிட முக்கியம், மெத்தை வைத்ததை வியர்வையோடு போட்டுக்கொண்டே திரியக்கூடாது. உள்ளே ஜட்டி இல்லாமல் நேராகத் தோலில் படுகிற துணி அது. ஈரத்தோடு உட்கார்ந்தால் கொப்புளம் வரும். வீட்டுக்கு வந்ததும் அலசிவிட வேண்டும். பேத்தியின் ஷார்ட்ஸுக்கும் சேர்த்து ஒன்று: பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் ஆகாது, சூடான இஸ்திரிப் பெட்டி ஆகாது. இரண்டுமே லைக்ராவை இற்றுப்போகச் செய்யும்; பிறகு துணி தொங்கும்.

சித்தப்பா பில்லை மடித்துப் பைக்குள் வைத்தார். “மெத்தை வச்சதுன்னியே, அது என்ன விலை வரும்? என் சைக்கிள் சீட்டு இப்ப ரொம்பக் குத்துது.”

“உங்களுக்கு வேண்டாம் சித்தப்பா. அவங்க குனிஞ்சு ஒடுக்கமான சீட்டுல உட்கார்றாங்க. நீங்க நிமிர்ந்து உட்கார்ற ஆளு, அகலத் தோல் சீட்டு, அடியில சுருள் ஸ்பிரிங் வேற. மெத்தையெல்லாம் அதுலயே இருக்கு. தோல் தொங்கிப்போயிருக்கும், அதான் குத்துது. சீட்டு மூக்குக்கு அடியில ஒரு நட்டு இருக்கும் பாருங்க, அதத் திருகுனா இழுத்துக்கும். ஒரே தடவைல அரைச் சுத்துக்கு மேல திருகாதீங்க, ஆணி அடிச்ச இடத்துல தோல் கிழிஞ்சுரும்.”